சாத்தானின் பட்டறை: ஒரு பழமொழி கைமாறிய கதை

ஒரே ஒரு பழமொழியைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன், கொடுத்தீர்கள். "சோம்பேறியின் மனம் சாத்தானின் பட்டறை" என்பது அந்தப் பழமொழி. மனம் என்ற இடத்தில் சிலர் மூளை என்பார்கள். பட்டறை என்ற இடத்தில் தொழிற்கூடம் வரும். சாத்தான் பேயாகவும் பிசாசாகவும் மாறுவதுண்டு. பள்ளிக்கூடச் சுவர்களில் எழுதியிருக்கும். படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்த்துப் பெரியப்பாவோ மாமாவோ சொல்லிவிட்டுப் போவார்கள்.

இது நம் வரப்பில் முளைத்த பழமொழி அன்று. சாத்தான் என்ற பெயரே அது வந்த திசையைக் காட்டிவிடுகிறது. கிறித்தவ மரபில் பிறந்து ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. ஆனால் அதன் வேரைத் தேடுகிறவர்கள் இங்கிலாந்தோடு நின்றுவிட முடியாது. 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தியப் பாலைவனம் வரை போயாக வேண்டும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பிறந்தபோது இது ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட எச்சரிக்கை. போகப்போக, ஒருவன் இன்னொருவனைப் பார்த்துச் சொல்லும் ஏச்சு ஆயிற்று. சொல்கிற வாயும் கேட்கிற காதும் மாறின. அந்த மாற்றம் எப்போது நடந்தது, யாருக்கு வசதியாக நடந்தது என்பதைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனங்களுக்குத் துறவிகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அவர்களுக்கெல்லாம் மூத்தவர் 356-இல் மறைந்த அந்தோணியார். நம் ஊர்களில் வனத்து அந்தோணியார் என்று கோயில் கட்டி வணங்குகிறோமே, அவரேதான். அந்தத் துறவிகளின் சொற்களையும் செயல்களையும் திரட்டிய தொகுப்பு ஒன்று உண்டு. அதில் அந்தோணியார் பெயரில் வரும் முதல் நிகழ்ச்சியே சோர்வைப் பற்றியது. பாலைவனத்தில் தனியே உட்கார்ந்திருக்கிறார். மனம் இருண்டுபோகிறது. என்ன செய்வது என்று கடவுளிடம் கேட்டுவிட்டு எழுந்து வெளியே வருகிறார். அங்கே தம்மைப் போலவே ஒருவர் உட்கார்ந்து ஓலைக் கயிறு பின்னிக்கொண்டிருக்கிறார். சற்று நேரம் பின்னுகிறார், எழுந்து ஜெபிக்கிறார். மறுபடி உட்கார்ந்து பின்னுகிறார், மறுபடி எழுகிறார். அவர் வானதூதர் என்றும், இப்படியே செய் என்று வழிகாட்ட வந்தவர் என்றும் கதை முடிகிறது. அங்கே மேற்பார்வை பார்க்க யாரும் இல்லை. வேலையும் ஜெபமும் மாறிமாறி வருவது மனத்துக்கு மருந்து, அவ்வளவுதான்.

இந்தச் சோர்வை நுணுக்கமாக எழுதிவைத்தவர் எவாக்ரியஸ். கான்ஸ்டான்டிநோபிளில் பெரும்புகழோடு இருந்துவிட்டு எகிப்துக்கு வந்து, 399-இல் அங்கேயே இறந்தவர். விவிலியத்தின் சங்கீதப் புத்தகத்தில் நண்பகலைப் பற்றி வரும் ஒரு தொடரை எடுத்து, இதற்கு நண்பகல் பேய் என்று பெயர் வைத்தார்கள். உச்சிப்பொழுதில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பெயர் அந்நியமாகத் தோன்றாது. எவாக்ரியஸ் காட்டும் துறவியைப் பாருங்கள். சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது. பகலுக்கு ஐம்பது மணி நேரம் என்று தோன்றுகிறது. சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று குடிசைக்கு வெளியே வந்து வெயிலைப் பார்க்கிறார். பக்கத்துக் குடிசைக்காரர் யாராவது வருகிறாரா என்று எட்டிப்பார்க்கிறார். இருக்கும் இடத்தின்மேல் வெறுப்பு, செய்யும் கைவேலைமேல் வெறுப்பு. வேறு ஊருக்குப் போனால் நிம்மதியாக இருக்கலாம் என்று மனம் சொல்கிறது. விட்டுவந்த வீடும் உறவும் நினைவுக்கு வருகின்றன. இன்னும் எத்தனை ஆண்டு இப்படி உயிரோடு இருக்க வேண்டுமோ என்று மலைப்பு வருகிறது.

இதை நாம் இன்று சோம்பல் என்று சொல்வோமா? கைகால் அசைக்காமல் கிடப்பது இதில் சிறு பகுதிதான். பெரும்பகுதி, ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமல் தவிப்பது. எவாக்ரியஸின் மாணவர் காசியன் இன்னும் ஒரு படி மேலே போகிறார். நோயாளியைப் பார்த்துவிட்டு வருகிறேன், ஆதரவற்ற பெண்ணுக்கு உதவிவிட்டு வருகிறேன் என்று நல்ல காரியத்தைச் சாக்காக வைத்து வெளியே ஓடுவதும் அதே பேயின் வேலைதான் என்கிறார். மூச்சுவிட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பவரையும் அந்தப் பேய் பிடித்திருக்கலாம். பிற்காலப் பழமொழி அடியோடு மறந்துவிட்ட உண்மை இது.

காசியன் சொல்லும் பவுல் என்ற துறவியின் கதையை நான் பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். பவுல் பேரீச்ச மரங்களுக்கு நடுவே வாழ்ந்தார். பழமும் சிறு தோட்டமும் வயிற்றுக்குப் போதும். முடைந்ததை விற்கலாம் என்றால், ஊர் ஏழு நாள் நடைத் தொலைவில் இருந்தது. கொண்டுபோகும் செலவு விலையைவிட அதிகம். ஆனாலும் நாள்தோறும் ஓலை சேகரித்தார், தமக்குத் தாமே நிர்ணயித்த அளவுக்கு உழைத்தார். ஆண்டு முடியும்போது குகை முழுக்க அவர் கைவேலை நிறைந்திருக்கும். அத்தனையையும் தீவைத்து எரித்துவிட்டு, மறுநாள் மறுபடி தொடங்குவார்.

வாங்குகிறவர் இல்லை, கூலி இல்லை, கணக்குக் கேட்கிறவர் இல்லை. உழைப்பின் பயன் பொருளில் இல்லை, உழைக்கிறவனின் மனத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தீவிரமான சான்று எனக்குத் தெரியவில்லை. நம் பழமொழி பிறந்த மண் இதுதான்.

அதை வாக்கியமாக எழுதியவர் ஜெரோம். விவிலியத்தை லத்தீனில் பெயர்த்தவர். ஏறத்தாழ 411-இல் பெத்லகேமிலிருந்து ரஸ்டிகஸ் என்ற இளைஞருக்கு நீண்ட கடிதம் எழுதினார். எப்போதும் ஏதாவது ஒரு வேலையைச் செய்துகொண்டிரு, சாத்தான் வரும்போதெல்லாம் நீ வேலையாக இருப்பதையே காணட்டும் என்பது அதில் உள்ள அறிவுரை. பழமொழியின் விதை அந்த வாக்கியம். கூடவே வேலைகளின் பட்டியலும் வருகிறது. கூடை முடையலாம், நிலத்தைக் கொத்தலாம், பாத்தி கட்டிக் காய்கறி போட்டு நீர் பாய்ச்சலாம், மரத்துக்கு ஒட்டுக் கட்டலாம், தேனீக்குக் கூடு செய்யலாம், மீன்வலை பின்னலாம், நூல்களைப் படி எடுக்கலாம். எகிப்திய மடங்களில் வேலை செய்யாதவரைச் சேர்ப்பதில்லை, அதற்குக் காரணம் சோற்றுத் தேவையைவிட ஆன்ம நலம் என்று அவரே விளக்கம் தருகிறார்.

அதே கடிதத்தில் ஜெரோம் தம் கதையையும் மறைக்காமல் சொல்கிறார். இளமையில் பாலைவனத்தில் நோன்பிருந்து உடம்பை வருத்தியும் மனம் கொதித்தபடியே இருந்ததாம். அதை அடக்க, யூத மதத்திலிருந்து வந்த ஒரு சகோதரரிடம் மாணவராகச் சேர்ந்து எபிரேயம் படித்தார். லத்தீன் இலக்கியத்தில் ஊறிய நாவுக்கு அந்த எழுத்துகள் பிடிபடவில்லை. மூச்சுத்திணறிப் படித்தார், பலமுறை கைவிட்டார், மறுபடி தொடங்கினார். அந்தக் கசப்பான விதையிலிருந்து இனிய கனிகளைப் பறிக்கிறேன் என்று நன்றியோடு எழுதுகிறார். சாத்தானை விரட்டப் படித்த மொழிதான் பின்னாளில் விவிலிய மொழிபெயர்ப்புக்கு அடித்தளம் ஆயிற்று. அறிவுரை சொல்கிறவர் அதைத் தம்மேல் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் இன்னொருவருக்குச் சொன்னார். இந்த வரிசையைக் கவனியுங்கள்.

ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் வருகிறார். நம்மவர்கள் ஆசீர்வாதப்பர் என்று சொல்லும் துறவி. தம் மடத்துக்கு அவர் எழுதிய ஒழுங்குநூலின் 48-ஆம் அதிகாரம் உழைப்பைப் பற்றியது. சோம்பல் ஆன்மாவுக்குப் பகை என்று தொடங்கி, கைவேலைக்கு இத்தனை நேரம், படிப்புக்கு இத்தனை நேரம் என்று அழகாக வகுத்துச் சொல்கிறது. அந்த அதிகாரத்தின் நடுவில் ஒரு சிறு விதி இருக்கிறது. படிப்பு வேளையில் மூத்தவர் ஒருவரோ இருவரோ மடத்தைச் சுற்றிவந்து, யாராவது படிக்காமல் சும்மா இருக்கிறாரா, வம்பளக்கிறாரா என்று பார்க்க வேண்டும். கண்டால் ஓரிரு முறை கண்டிப்பு, திருந்தாவிட்டால் தண்டனை. பெனடிக்ட் இரக்கமுள்ள மனிதர். கூட்டு வாழ்க்கைக்கு ஒழுங்கு வேண்டும் என்பதும் சரி. ஆனால் பவுலின் குகையில் இல்லாத ஒன்று இங்கே வந்துவிட்டது. சும்மா இருப்பவரைக் கண்டுபிடிக்கச் சுற்றிவரும் இன்னொருவரின் கண் அது.

அப்போதும் அந்தச் சொல் ஏழையின் பக்கம் திரும்பிவிடவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் சாஸர் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். கேன்டர்பரிக் கதைகளில் மெலிபீ என்ற செல்வரின் கதை வருகிறது. அவருடைய மனைவி, விவேகம் என்றே பொருள்படும் பெயருடையவள், செல்வத்தை எப்படிச் சேர்ப்பது, எப்படிச் செலவிடுவது என்று கணவருக்கு எடுத்துச் சொல்லும்போது ஜெரோமின் பெயரைச் சொல்லி இந்தக் கருத்தைச் சொல்கிறாள். கேட்கிற காது பணக்காரக் காதாகவே இருக்கிறது.

ஆனால் சாஸர் குழந்தையாக இருந்த காலத்திலேயே இங்கிலாந்தின் சட்டம் வேறு பாதையில் போகத் தொடங்கிவிட்டது. 1348-இல் அந்நாட்டில் கொள்ளைநோய் புகுந்தது. மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மாண்டார்கள். நிலம் இருந்தது, விளைச்சல் இருந்தது, அறுக்க ஆள் இல்லை. மிஞ்சிய உழைப்பாளிகள் கூடுதல் கூலி கேட்டார்கள். உடனே 1349-இல் அரசாணை வந்தது. சொந்த நிலமோ தொழிலோ இல்லாத, 60 வயதுக்குட்பட்ட, உடல் வலுவுள்ள ஆணும் பெண்ணும் கூப்பிட்ட வேலைக்குப் போக வேண்டும். கொள்ளைநோய்க்கு முந்தைய கூலியைத்தான் வாங்க வேண்டும். வலுவுள்ள பிச்சைக்காரருக்குப் பிச்சை போட்டால், போட்டவருக்கே சிறை. அவர்கள் சோம்பலில் திளைக்கிறார்கள் என்பது அந்த ஆணை சொன்ன காரணம்.

கூலி உயரும்போது சோம்பல் என்ற குற்றச்சாட்டும் கூடவே எழுகிறது. வரலாற்றில் இது திரும்பத்திரும்ப நடந்திருக்கிறது. 1547-இல் இன்னும் கொடிய சட்டம் ஒன்று வந்தது. வேலை செய்யாமல் திரிபவருக்கு நெஞ்சில் சூடுபோட்டு இரண்டு ஆண்டு அடிமையாக்கலாம் என்றது. மூன்றே ஆண்டில் அதைக் கைவிட்டார்கள். 1553-இல் லண்டனில் பிரைட்வெல் அரண்மனை திரிபவர்களைத் திருத்தும் இல்லத்துக்கென்று வழங்கப்பட்டது. 1596-இல் ஆம்ஸ்டர்டாமில் திறந்த இல்லத்தில் அடைபட்டவர்கள் சாயத்துக்காகப் பிரேசில் மரத்தை அரத்தால் ராவித் தூளாக்கினார்கள். ஆன்ம நலனுக்காகத் துறவி தானே எடுத்துக்கொண்ட கைவேலை, பூட்டிய கதவுக்குள் தண்டனை ஆயிற்று.

வேலையில்லாத கைகளுக்குச் சாத்தான் ஏதாவது ஒரு குறும்பைத் தேடித் தருவான் என்ற வடிவத்தில் இந்தக் கருத்தை ஆங்கிலேயர் நாவில் நிலைக்கச் செய்தவர் ஐசக் வாட்ஸ். 1715-இல் பிள்ளைகளுக்காக வெளியிட்ட பாடல் நூலில், தேனீயின் சுறுசுறுப்பைப் பாடும் பாட்டில் அது வருகிறது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். 1865-இல் லூயிஸ் கரோல் ஆலிஸின் வாயில் அதன் கேலிப்பாட்டைப் போட்டபோது, மூலப்பாட்டு எல்லோருக்கும் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் போட்டார். வாட்ஸின் பாட்டில் பேசுவது குழந்தை. நானும் சுறுசுறுப்பாக இருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது. ஆனால் அதைக் குழந்தையின் வாயில் வைத்தவர் பெரியவர். பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவிலேயே சிறுபிள்ளைகள் பஞ்சாலைகளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் நின்றார்கள். 9 வயது நிரம்பாதவர்களைப் பெரும்பாலான நெசவாலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது 1833-இல். சும்மா இருக்கும் கை என்பதே அந்தப் பிள்ளைகளுக்கு ஏது?

1747-இல் ஓவியர் ஹோகார்த் 'உழைப்பும் சோம்பலும்' என்ற பன்னிரண்டு அச்சுப் படங்களை வெளியிட்டார். தொழில் பழகும் இளைஞர்களைத் திருத்தும் நோக்கம் அவருக்கு. முதல் படம் லண்டனில் ஒரு நெசவுக்கூடம். இரண்டு தறிகள். ஒன்றில் நல்ல பிள்ளை நெய்கிறான். மற்றதில் சோம்பேறிப் பிள்ளை சாய்ந்து தூங்குகிறான், அருகே மதுக்குவளை. அவன் கையிலிருந்து விழுந்த நாடாவை உருட்டிப் பூனை விளையாடுகிறது. கதவருகே கையில் பிரம்போடு முதலாளி நிற்கிறார். கடைசியில் நல்லவன் முதலாளி மகளை மணந்து லண்டன் மேயர் ஆகிறான், மற்றவன் தூக்கில் தொங்குகிறான். வேலைப்பாடு மிகுந்த படங்கள். ஹோகார்த்தின் திறமையில் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் முதல் படத்தில் என் கண் போய் நிற்பது அந்த முதலாளியின்மேல். அந்தக் கூடத்தில் இருக்கும் மூவரில் நெய்யாத இன்னொருவர் அவர். அவரைச் சோம்பேறி என்று படம் சொல்லவில்லை. பழமொழி கைமாறி முடிந்துவிட்டது என்பதற்கு அந்தப் பிரம்பு போதும்.

பிறகு அது கப்பலேறிற்று. பிலிப்பைன்ஸ் மக்கள் சோம்பேறிகள் என்று ஸ்பானியர் எழுதிக் குவித்ததற்கு 1890-இல் ஹொசே ரிசால் நீண்ட கட்டுரையில் மறுமொழி கொடுத்தார். அவர் தொட்ட இழையை எடுத்து விரிவாக ஆராய்ந்தவர் மலேசியச் சமூகவியலாளர் சையத் ஹுசைன் அலாதாஸ். 1977-இல் வந்த அவருடைய நூல், மலாய், ஜாவா, பிலிப்பைன்ஸ் மக்களைச் சோம்பேறிகள் என்று குடியேற்ற ஆட்சியாளர் ஏன் எழுதினார்கள் என்று கேட்கிறது. மலாய்க்காரர் வயலில் உழைத்தார், கடலில் உழைத்தார்; வெள்ளைக்காரரின் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் கூலியாக வர மறுத்தார். அந்த மறுப்புக்கு வைத்த பெயர்தான் சோம்பல்.

இங்கே நம் கதையும் சேர்கிறது. இலங்கையிலும் அதே நிலை. சொந்த வயலும் சேனையும் வைத்திருந்த சிங்களக் கிராமத்தார் கோப்பித் தோட்டத்துக் கூலியை விரும்பவில்லை. அவர்கள் சோம்பேறிகள் என்று தோட்டக்காரர்கள் முடிவுகட்டினார்கள். பஞ்சத்திலும் கடனிலும் தவித்த நம் மாவட்டங்களிலிருந்து மக்கள் கொண்டுபோகப்பட்டார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே கண்டிச்சீமைக்கு நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். துரைமார் எழுத்தில் சிங்களவரும் மலாய்க்காரரும் சோம்பேறிகள், தமிழர் அடக்கமான உழைப்பாளிகள். அந்த அடக்கத்துக்கு என்ன கிடைத்தது? விடியுமுன் ஆட்கணக்கு எடுக்கும் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். கோப்பிக்குப் பின் வந்த தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான் போடுவார். முழுநாள் மலையேறிப் பறித்தவருக்கு அரைநாள் கூலி. ஓர் இனத்தைச் சோம்பேறி என்றும் இன்னோர் இனத்தை உழைப்பாளி என்றும் பிரித்தவர், இருவரையும் தம் வசதிக்கு ஏற்பவே அளந்தார்.

நம் மரபில் திருவள்ளுவர் சோம்பலை எங்கே வைத்தார் என்று பாருங்கள். மடியின்மை 61-ஆம் அதிகாரம். அது பொருட்பாலில் அரசியல் பகுதியில் இருக்கிறது. சோம்பலால் கெடுவது அங்கே குடிப்பெருமை. அதிகாரத்தின் கடைசிக் குறள் மன்னனைப் பற்றியே பேசுகிறது. உழவு அதிகாரத்தில் நிலம் ஊடுமே என்று கேட்பீர்கள். அங்கேயும் நிலம் ஊடுவது அதற்கு உரியவனோடுதான். வயலை எட்டிப்பார்க்காத உடைமையாளனோடு. கூலிக்காரனைச் சோம்பேறி என்று வள்ளுவர் ஓரிடத்திலும் ஏசவில்லை. எகிப்தியத் துறவிகளின் வரிசையில் வைக்கத்தக்க நேர்மை இது.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். "நூறு நாள் வேலை வந்ததும் எல்லாரும் சோம்பேறி ஆகிவிட்டார்கள், களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை" என்ற பேச்சை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அந்த வேலைக்கு வழிசெய்த ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-இல் நிறைவேறியது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் பெரும்பகுதி பெண்கள். விடியற்காலையில் எழுந்து, குழாயில் தண்ணீர் பிடித்து, சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டு, மண்வெட்டியும் சட்டியுமாக ஏரிக்குப் போகிற ஒருத்தி, நடுவில் கருவேல மரத்தடியில் உட்கார்ந்தால் அது நம் கண்ணை உறுத்துகிறது. 2023 ஜனவரி முதல், நாளுக்கு இருமுறை கைபேசியில் படம் எடுத்து அவள் வந்திருப்பதை உறுதிசெய்யும் முறையும் கட்டாயமானது. ஏரி வேலை எல்லா ஊரிலும் சரியாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. மண்ணை அளப்பதில், வேலையைத் தேர்ந்தெடுப்பதில் குறைகள் உண்டு. அவை நிர்வாகக் குறைகள். சிறு விவசாயியின் ஆள் தட்டுப்பாடும் கூலிச் சுமையும் உண்மையானவை. அதற்கு விளைபொருளின் விலையில் தீர்வு தேட வேண்டும். அந்தப் பெண்ணைச் சோம்பேறி என்பது 1349-ஆம் ஆண்டின் பேச்சு.

இங்கே நாட்டார் வழக்காற்றியல் படிக்கும் மாணவர்கள் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பழமொழித் தொகுப்புகளில் பெரும்பாலானவை அகர வரிசையில் அடுக்கப்பட்டவை. ஹெர்மன் ஜென்சன் 1897-இல் வெளியிட்டதுபோலப் பொருள்வாரியாகப் பிரித்தவை சில. அவற்றை உண்டாக்கியவர்களின் உழைப்புக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் எந்தப் பழமொழியை யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னார்கள் என்ற செய்தி அவற்றில் அரிதாகவே கிடைக்கிறது. அதையும் சேர்த்துப் பதிவுசெய்ய வேண்டும் என்று நாட்டார் வழக்காற்றியல் அறிஞர்கள் ஆலன் டண்டெஸும் ஓஜோ அரேவாவும் 1964-இலேயே வற்புறுத்தி எழுதினார்கள். அடுத்த முறை கள ஆய்வுக்குப் போகும்போது, சோம்பலைப் பற்றி ஒரு பழமொழி கிடைத்தால், அதன் பக்கத்தில் மூன்று குறிப்புகளைச் சேர்த்து எழுதுங்கள். சொன்னவருக்கு நிலம் இருந்ததா, கேட்டவருக்குக் கூலி கிடைத்ததா, சொன்ன அந்த நேரத்தில் இருவரில் யார் கையில் வேலை இருந்தது. பட்டியல் முழுமையாகட்டும், பிறகு நாம் கூடிப் பேசுவோம்.